தாளம் மட்டும் தனியாக

“இருமல் விழுந்திட்டுது. இது இனிச் சரிவராது.”

“எந்த இடத்துல?”

“ரெண்டாஞ் சரணம் முடியிற இடத்தில.”

“அங்க டோலக்கும் வருதே. டோலக் சத்தம்னு சொல்லிட வேண்டியதுதான் லா.”

“டோலக்குக்குச் சளி பிடிக்குமோ, அஜீஸ் பாய்?”

“இந்த வருசம் யாருக்குத்தான் பிடிக்கல? எங்க தெருவுல கோழி கூவறதுக்கு முன்னால இருமுது.”

யாரும் சிரிக்கவில்லை. கெட்டுப்போன இசைத்தட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே பிடித்தபடி நின்ற சற்குணம், அதை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போலக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பாட்டுகளைத் தட்டில் பதிவது அவனுடைய வேலை. யுத்தத்துக்கு முன்னால் தந்தி இலாகாவில் கிளார்க்காக இருந்தவன். ரேடியோப் பெட்டிகளைப் பிரித்துப் பிரித்துப் பூட்டுவதில் அவனுக்கு ஒரு பைத்தியம். ஜப்பான்காரன் வந்து பினாங்கில் எல்லாரையும் புரட்டிப் போட்ட பிறகு அந்தப் பைத்தியம்தான் அவனுக்குச் சோறு போட்டது. சோறு என்பது பேச்சுக்கு. ஆயர் ஈத்தாமில் அவன் மனைவி யோகம்மா வீட்டைச் சுற்றி நட்டிருந்த மரவள்ளிதான் மூன்று வேளையும்.

இருமியவன் பஷீர். டோலக்கை மடியிலிருந்து இறக்காமல், தலையைக் குனிந்துகொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தான். பாடியவள் அவன் மனைவி ஹபீபா பீவி. முன்பு நாடகக் கொட்டகையில் பாடியவள். அவள் பாடுகிறாள் என்றால் சூலியா தெருக் கடைக்காரர்கள் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வருவார்களாம். இப்போது அவள் மைக்குக்கு முன்னால் நின்ற இடத்திலேயே நின்று, புருசனின் கழுத்து வேர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆர்மோனியக்காரர் அஜீஸ் பாயும், பைராம் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்த பிடில் ராமதாசும் அவரவர் வாத்தியத்தைத் துடைப்பதாகப் பாவனை செய்தார்கள்.

ரேடியோ நிலையத்தின் ஸ்டூடியோ என்று பேர். ஓடிப்போன ஒரு துரையின் பங்களாவில் சாப்பாட்டு அறை அது. சுவர் முழுக்கக் கோணிச்சாக்கு, ஜன்னல் முழுக்கக் கம்பளி. காற்று நுழைய வழியில்லை. மைக் ஒன்றே ஒன்று. அந்த அறையில் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கால்களின் வேலை. பாடுகிறவள் மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில். பிடில் அவள் தோளுக்குப் பின்னால். ஆர்மோனியம் அதற்கும் பின்னால். டோலக் தூரமாய்க் கதவோரம். சற்குணம் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் எல்லாருக்கும் இடம் கீறி வைத்திருந்தான். பிடில் தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்தால் ஹபீபா சத்தமில்லாமல் பின்வாங்க, ராமதாஸ் பூனை மாதிரி முன்னால் வருவான். எல்லாரும் ஒரே மூச்சில், ஒரே தடவையில் முடிக்க வேண்டும். பக்கத்துச் சமையலறையில் சற்குணத்தின் யந்திரம், சுழலும் கறுப்புத் தட்டில் ஊசியால் கீறிக்கொண்டே போகும். யார் தவறினாலும் அந்தத் தட்டு போனது போனதுதான்.

தட்டு சும்மா வரவில்லை. ஜப்பானிலிருந்து கப்பலில் வர வேண்டும், கப்பல்களோ நடுக்கடலில் மூழ்கிக்கொண்டிருந்தன. உலோகம் எல்லாம் குண்டு செய்யப் போய்விட்டதால் இப்போது வருவது கண்ணாடியில் மெழுகு போலக் கறுப்புப் பூச்சு பூசிய தட்டு. ஜப்பானிய நிலைய அதிகாரி மொரிதா ஒவ்வொரு தட்டையும் தன் பிள்ளை மாதிரி விசாரிப்பார். போன மாதம் கிளாரினெட் இஸ்மாயில் சுருதி தவறி ஒரு தட்டைக் கெடுத்தான். மொரிதா அடிக்கவில்லை, திட்டவில்லை. இஸ்மாயிலின் கையில் கட்டியிருந்த ரேடியோ பட்டையை மட்டும் தாமே அவிழ்த்து எடுத்துக்கொண்டார். அந்த வாரமே பாசாரில் லாரியை நிறுத்தி ஆள் பிடித்தார்கள். கையில் பட்டை உள்ளவனை விட்டார்கள், இல்லாதவனை ஏற்றினார்கள். சியாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். போனவன் யாரும் திரும்பி வந்து அந்தப் பாதை எப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை.

“அடுத்த தட்டும் கெட்டா என் பட்டைதான்,” என்றான் பஷீர். யாரிடமும் சொல்லாமல், டோலக்கிடம் சொல்வது போல.

மற்றவர்கள் போன பிறகு ஹபீபா மட்டும் சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஆபீஸ் கடிகாரம் தோக்கியோ நேரத்துக்குச் சாயங்காலம் என்றது. வெளியே வெயில் இன்னும் நடுமதியம் போல் அடித்துக்கொண்டிருந்தது.

“அண்ணே, அவருக்கு முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் வருது. வராத அன்னைக்கு நல்லாத்தான் வாசிக்கிறார். ஆனா மொரிதா சொல்ற நாள்லதானே நாம பதியணும்? காய்ச்சல் அவன் காலண்டரைப் பார்த்தா வருது?”

“கொயினா மருந்து ஒண்டும் கிடைக்கேல்லையோ?”

“கொயினா கெடைச்சா நான் ஏன்ணே உங்க வாசல்ல நிக்கிறேன்?”

சற்குணம் கெட்டுப்போன தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முன்பக்கத்தில் பாட்டு, இருமல். பின்பக்கம் குளத்துத் தண்ணீர் போலக் கறுப்பாக, கீறல் இல்லாமல் பளபளத்தது. அவனுக்கு ஒரு யோசனை தோன்றிய நேரம் அதுதான். யோசனை என்று சொல்வதும் சரியில்லை. பல வருசமாகக் கனவில் செய்து பார்த்த ஒரு காரியம், இப்போது கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்து நின்றது.

“எல்லாரும் ஒண்டாய் வாசிக்க வேணுமெண்டு ஆர் சொன்னது?” என்றான்.

“அப்புறம்?”

“பஷீர் சுகமாய் இருக்கிற அண்டைக்குத் தாளத்தை மட்டும் தனியாய்ப் பிடிச்சு வைப்பம். மற்ற நாள் அந்தத் தட்டைப் போட்டுவிட்டு, அதோட சேர்ந்து நீங்கள் பாடுங்கோ. அவர் வீட்டில படுத்திருக்கட்டும்.”

ஹபீபா சிரித்தாள். அழுவதற்கு முன்னால் சிலர் சிரிப்பார்களே, அது மாதிரி.

மறுநாள் காய்ச்சல் வராத நாள். மேல்மாடியில் செய்தி வாசிப்பு நடக்கும் வேளையில், மொரிதா அங்கே இருப்பார் என்று தெரிந்து, பஷீரை மட்டும் அறைக்குள் உட்கார வைத்தார்கள். இந்த முறை கதவோரம் அல்ல, மைக்குக்கு எதிரே, நடு அறையில். அவன் அந்த இடத்தில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

“பாட்டு இல்லாம எப்படிண்ணே? எங்க நிறுத்தணும், எங்க எடுக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அதற்கு ஹபீபாதான் வழி சொன்னாள். அவனுக்கு எதிரே, மைக்குக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். சத்தம் வராமல் உதட்டால் மட்டும் பாடினாள். பல்லவி, சரணம், இழுவை, மூச்சு எல்லாம் முகத்தில் இருந்தது, குரல் மட்டும் இல்லை. பஷீர் முதலில் விளிம்பில் நாலு தட்டுத் தட்டினான், பின்னால் பாடப்போகிறவர்கள் எடுப்பதற்கு அடையாளமாக. பிறகு அவள் உதடுகளிலிருந்து கண்ணை எடுக்காமல் வாசித்தான். சமையலறைச் சுவரில் பதித்த கண்ணாடிச் சதுரம் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்த சற்குணத்துக்கு, ஊமை நாட்டில் நடக்கிற ஒரு கல்யாணத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது. கெட்ட தட்டின் பின்பக்கத்தில் ஊசி கீறிய இடத்திலிருந்து கறுப்பு நூல் சுருள் சுருளாக எழுந்தது. அதைத் தூரிகையால் ஒதுக்கவும் மறந்து நின்றான். ஒரு இருமல்கூட விழவில்லை.

அடுத்த நாள் மொரிதா பதிவுக்குக் குறித்த நாள். பஷீர் ஜார்ஜ் டவுனில் எங்கோ ஒரு மாடி அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். கதவோரம் சுண்ணாம்புக் கோட்டின் மேல் அவன் உட்காரும் முக்காலி இருந்தது. முக்காலியின் மேல் சற்குணம் ஒரு ஸ்பீக்கர் பெட்டியை வைத்தான். சமையலறையில், பதியும் யந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு கிராமபோனில் தாளத் தட்டு சுழன்றது.

“சலாம் பஷீரு,” என்றார் அஜீஸ் பாய் பெட்டியிடம். “இன்னைக்கு என்ன, வாயைத் திறக்க மாட்டேங்கிறே? வீட்டுல சண்டையா?”

“கதைக்காதேங்கோ அஜீஸ் பாய், சிவப்பு விளக்கு எரியப் போகுது.”

“நான் எங்கப்பா கதை சொன்னேன்? பெட்டிக்கு மருவாதி சொன்னேன்.”

ராமதாஸ் அடக்க முடியாமல் சிரித்தான். நாலு தட்டு விழுந்தது. பாட்டு ஆரம்பமானது. பெட்டியிலிருந்து வந்த டோலக் கொஞ்சம் தகரம் தட்டுவது போல இருந்தாலும் நடை பிசகவில்லை. ஹபீபா பாடும்போது ஒருமுறைகூட முக்காலிப் பக்கம் திரும்பவில்லை. கடைசி வரி முடிந்து, எல்லாரும் மூச்சைப் பிடித்து நின்று, சற்குணம் ஊசியைத் தூக்கியபோதுதான், வாசலில் பூட்ஸோடு மொரிதா நிற்பதை அவன் கண்டான். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது.

மொரிதா உள்ளே வந்தார். முக்காலியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அவருக்குத் தெரிந்த கொஞ்சம் மலாயில், தாளக்காரன் மானா, எங்கே, என்று கேட்டார்.

அறையில் கோணிச்சாக்கின் நாற்றம் மட்டும் இருந்தது. ஹபீபா தரையைப் பார்த்தாள். நோயாளி என்று சொன்னால் பட்டை போகும். ஓடிப்போனான் என்று சொன்னால் அதைவிட மோசம். சற்குணம் சமையலறையிலிருந்து வெளியே வந்தான். தான் என்ன சொல்லப் போகிறோம் என்பது வாய் திறக்கும்வரை அவனுக்கே தெரியாது.

“நான்தான் வரவேண்டாமெண்டு சொன்னனான்,” என்று மலாயிலும் ஆங்கிலத்திலுமாகக் கலந்து சொன்னான். “இது புது முறை, துவான். டோலக் பக்கத்தில் இருந்தால் பாடுகிறவளின் குரலை அமுக்கிவிடும். தாளத்தைத் தனியாகப் பதிந்து வைத்துக்கொண்டால் குரல் சுத்தமாக விழும். தட்டும் வீணாகாது. கேட்டுப் பாருங்கள்.”

பொய் சொல்லப் போனவனுக்குப் பேசப் பேச அது உண்மையாகிக்கொண்டு வந்தது. தட்டைப் போட்டுக் காட்டினான். மொரிதா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். குனிந்து பெட்டியில் காதை வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “பாகுஸ்,” என்றார். நல்லது. சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்துச் சற்குணத்திடம் நீட்டினார். அந்த நிலையத்தில் அவர் கையால் யாரும் எதையும் வாங்கியதில்லை.

அவர் போனதும் அஜீஸ் பாய் பொத்தென்று உட்கார்ந்தார். “யா அல்லா. நீ தந்தி ஆபீசுக்குப் போயிருக்கக் கூடாது தம்பி. கோர்ட்டுக்குப் போயிருக்கணும்.”

ஹபீபா போகும்போது முந்தானையிலிருந்து ஒரு வெல்லக்கட்டியை எடுத்துச் சற்குணத்தின் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அந்த வருசம் வெல்லக்கட்டியை யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை.

அடுத்த வாரம் மொரிதாவின் உத்தரவு வந்தது. புது முறை மிக நல்ல முறை. இனிமேல் ஆர்மோனியத்தையும் பிடிலையும்கூட அப்படியே பதிந்து வைக்க வேண்டும். வழக்கமாக ஒலிபரப்பாகும் பாட்டுகள் அத்தனைக்கும். இதற்கென்று ஒரு பெட்டி நிறையப் புதுத் தட்டுகளும் வந்தன. பதிந்து முடித்த ஒவ்வொரு தட்டுக்கும் எல்லாருக்கும் அரிசி, கருவாடு.

அரிசி! நொய் மாதிரி உடைந்த அரிசிதான், புழுவும் உண்டு, ஆனாலும் அரிசி. ராமதாஸ் அதைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தான்.

அந்த நாட்கள் சற்குணத்துக்கு எப்படிக் கழிந்தன என்று கேட்டால், வெட்கமாக இருக்கும், மகிழ்ச்சியாகக் கழிந்தன. வெளியே ஊர் செத்துக்கொண்டிருந்தது. உள்ளே அவன் ஒரு தட்டின் மேல் இன்னொரு தட்டாக, சத்தத்தின் மேல் சத்தமாக, வீடு கட்டிக்கொண்டிருந்தான். யாரும் யாருக்காகவும் கதவோரம் போய் உட்கார வேண்டியதில்லை. ஒவ்வொருவராக மைக்குக்கு எதிரே வந்து, தாளத்தைக் காதுக்கருவியில் கேட்டபடி, தனித்தனித் தட்டில் வாசித்தார்கள். ஒலிபரப்பில் டோலக் தட்டை முதலில் ஓட விட்டு, அதன் நாலு தட்டுக்கு மற்றத் தட்டுகளை எடுக்க வேண்டும். சிக்கலும் இருந்தது. மின்சாரம் இறங்கினால் தட்டு மெதுவாகச் சுழலும், டோலக்குக்கு அது தெரியாது, ஆர்மோனியமோ சுருதி இறங்கிப்போகும். பிறகு ராமதாஸ் அந்த இறங்கின சுருதிக்குத் தன் கம்பியைத் தளர்த்திக்கொள்வான். ஒருநாள் சற்குணம் அவனை அவன் வாசித்த தட்டோடு சேர்ந்து இன்னொரு தடவை வாசிக்க வைத்தான். முடிந்ததும் இரண்டு தட்டையும் ஒன்றாகப் போட்டால் இரண்டு பிடில்!

“அண்ணே, எனக்கு ஒரு தம்பி பொறந்துட்டான்,” என்றான் ராமதாஸ். கண் கலங்கியிருந்தது. “தோட்டத்துல சொன்னா நம்ப மாட்டாங்க.”

அஜீஸ் பாய்தான் முதலில் மோப்பம் பிடித்தார். கருவாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார், “ஏன் தம்பி, இவ்வளவு அரிசி எதுக்குக் கொடுக்கிறான்?”

“வேலை நல்லாய் நடக்குதெண்டுதான்.”

“அறுக்கறதுக்கு முன்னாலதான் ஆட்டுக்கு நல்ல தழையா பார்த்துப் போடுவாங்க.”

“நீங்கள் எதையும் நல்லதாய் நினைக்கமாட்டியளோ, பாய்?”

அஜீஸ் பாய் பொட்டலத்தின் முடிச்சை இறுக்கினார். ஆனால் அன்றிலிருந்து அவர் வேகமாக வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஒரு பாட்டுக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டார். விரல் வீங்கியிருக்கிறது என்றார், துருத்தியில் ஓட்டை என்றார். சற்குணத்துக்கு அவர் மேல் எரிச்சல் வந்தது. தன் வீட்டைக் கட்டி முடிக்க விடாமல் ஒருவர் செங்கல்லை ஒளித்து வைக்கிற மாதிரி இருந்தது. அவனே பசை வாங்கி வந்து அந்தத் துருத்தியை ஒட்டிக் கொடுத்தான்.

கடைசிப் பாட்டும் முடிந்து, உறை போட்ட தட்டுகள் சமையலறை அலமாரியில் வரிசையாக ஏறிய அன்று மொரிதா அவனை மேல்மாடிக்குக் கூப்பிட்டு அனுப்பினார். சுவர் காலண்டரில், ஜப்பான்காரன் கணக்கில், வருசம் 2603 என்று போட்டிருந்தது. மொரிதா எழுந்து நின்றே பேசினார். அவ்வளவு மரியாதை. இப்போது அரிசி தட்டுப்பாடு, ஆள் தட்டுப்பாடு, ராஜ்யம் முழுக்க ஒவ்வொரு கையும் தேவை. அப்படிப்பட்ட நேரத்தில் நீ ஒரு நல்ல வழி காட்டினாய். இனி நிலையத்துக்குப் பாடுகிறவள் போதும், தட்டைப் போடுகிற நீ போதும். வாத்தியக்காரர்கள் மூன்று பேரும் சனிக்கிழமை பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தொழிலாளர் ஆபீசுக்குப் போய் நிற்கட்டும். அங்கே அவர்களுக்கு வேலை இருக்கிறது.

எந்த வேலை என்று சற்குணம் கேட்கவில்லை. மொரிதா சிரித்தபடி இன்னொரு சிகரெட்டை நீட்டினார். சற்குணம் அதையும் வாங்கிக்கொண்டான். வாங்காமல் என்ன செய்வான்?

கீழே இறங்கி வந்து மூன்று பேரிடமும் அவனே சொன்னான். ராமதாஸ் முதலில் புரியாமல், “அப்ப பிடில் யாருண்ணே வாசிப்பா?” என்று கேட்டான். பிறகு அவனாகவே அலமாரியைப் பார்த்தான். அஜீஸ் பாய் ஆர்மோனியத்தின் துருத்தியை மடக்கி, கொக்கியை மாட்டி, மூடியில் இருந்த தூசியைத் தோள்துண்டால் துடைத்தார். “நான் சொன்னேன்னு சொல்ல மாட்டேன் தம்பி,” என்றார். “சொல்லி என்ன ஆகப்போவுது.” அன்று பஷீருக்குக் காய்ச்சல் நாள். பங்களா முற்றத்து மாமரத்தடியில் போய், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அந்த வெயிலில் அவன் பற்கள் அடித்துக்கொள்வது சமையலறைவரை கேட்டது.

வெள்ளிக்கிழமை, செய்தி வாசிப்பு ஓடிக்கொண்டிருந்த நேரம், ஹபீபா சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். அவள் இதுவரை வாசற்படியைத் தாண்டி அந்த அறைக்குள் வந்ததில்லை.

“பெட்டியில மிச்சம் தட்டு இருக்காண்ணே? பதியாத தட்டு?”

“இல்லை. எல்லாம் ரெண்டு பக்கமும் பதிஞ்சு முடிஞ்சுது.”

“அடுத்த கப்பல் எப்ப?”

“கப்பலோ? அது அவையளுக்கே தெரியாது.”

அவள் அலமாரிப் பக்கம் திரும்பினாள். உறைகளின் மேல் சற்குணத்தின் நேர்த்தியான கையெழுத்தில் டோலக், டோலக், ஆர்மோனியம், பிடில் என்று இருந்தது. கையை நீட்டினாள், ஆனால் தொடவில்லை.

“இது இல்லேன்னா நாளைக்கு ரேடியோவுல வாசிக்க ஆள் வேணும், இல்லையா? புதுத் தட்டும் இல்ல. ஆளைத்தான் கூப்பிடணும். பழையபடி கோட்டு மேல உக்கார வச்சுத்தான் வாசிக்கணும்.”

சற்குணம் ஊசிப் பெட்டியை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான்.

“நானே செஞ்சிருப்பேண்ணே. ராத்திரி பூரா அதைத்தான் யோசிச்சேன். நான் செஞ்சா, புருசனுக்காகச் செஞ்சாள்னு மொரிதா கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடுவான். என்னையும் கொண்டுபோவான், அவரையும் கொண்டுபோவான். நீங்க சொன்னா நம்புவான். அன்னைக்கு நம்புனான்ல? அலமாரி ஆணி பிடுங்கிக்கிச்சு, பாரம் தாங்கல, சாஞ்சுடுச்சுன்னு நீங்க சொன்னா நம்புவான். உங்களுக்குத்தான் சிகரெட்டு குடுக்கறான்.”

வெளியே செய்தி வாசிக்கிறவரின் குரல் கம்பளியைத் தாண்டி, என்ன வார்த்தை என்று தெரியாமல், வெறும் ஏற்ற இறக்கமாக வந்துகொண்டிருந்தது. சற்குணத்தின் மனதில் யோகம்மா வந்தாள். மரவள்ளிச் செடிக்கு நடுவில் குனிந்திருக்கும் அவள் முதுகு வந்தது. பெரிய தெருவில் ஜப்பான் ராணுவத்தின் கெம்பெத்தாய் போலீஸ் கட்டடத்துக்குள் போன தந்தி இலாகா சிநேகிதன் ஒருவனின் முகம் வந்தது. இரண்டு பிடிலும் சேர்ந்து ஏறுகிற அந்த இடமும் வந்தது, அதுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த மாதிரி ஒன்றை இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. அவனும் இனிக் கேட்கப்போவதில்லை.

ஹபீபா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்குக்கு அந்தப் பக்கம் நின்று புருசனுக்காகப் பாடியபோது பார்த்த அதே பார்வை.

“எல்லாம் வேண்டாம்ணே,” என்றாள். குரல் மிகத் தாழ்ந்திருந்தது. “உங்களுக்கு அது பிள்ளை மாதிரின்னு எனக்குத் தெரியும். டோலக் தட்டுங்க மட்டும். அது இல்லாம மத்த எதையும் போட முடியாது. கண்ணாடிதானே, கை தவறிச்சுன்னாப் போதும். செய்தி முடியறதுக்குள்ள, நான் இங்க நிக்கும்போதே, அதை மட்டும் கீழ போட்டுடுங்கண்ணே.”